முன்னால் இருப்பவளின் முதுகு

கிரிலியின் முகத்தைவிட அவள் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அலைப்படகில் துடுப்பு வலிக்கிறவர்களின் பிழைப்பே அப்படித்தான். ஊர் உலகமெல்லாம் முன்னால் பார்த்து முன்னால் போகிறது. நாங்கள் நாலு பெண்களும் பின்னால் பார்த்து உட்கார்ந்து முன்னால் போகிறோம். படகின் மூக்கில் நான், மார்டி. என் கண்ணுக்கு நேரே கிரிலி. அவளுக்கு அடுத்தது பிப். அதற்கும் அடுத்தது துடுப்பு வேகத்துக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிற ஷோனா. கடைக்கோடியில், எங்களைப் பார்த்தபடி, நீளச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் கஸ். அவருக்கு எங்கள் நாலு மூஞ்சியும் தெரியும். எனக்கு மூன்று முதுகு தெரியும். என் முதுகு யாருக்கும் தெரியாது, அதைப் பற்றி அப்போது நான் கவலைப்பட்டதும் இல்லை.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது. படகில் எங்கள் இருக்கை ஈரமான மரப்பலகை. ஒவ்வொரு வலிப்புக்கும் அதில் முன்னும் பின்னும் சறுக்க வேண்டும். நீச்சலுடைத் துணி பலகையில் ஒட்டினால் தோல் உரிந்துவிடும். அதனால் படகில் ஏறும் முன்பே துணியின் பின்பக்கத்தைச் சுருட்டி நடுவில் செருகிக்கொண்டு, வெறும் தோலோடு உட்காருவோம். சிரிக்காதீர்கள். இந்தக் கடற்கரை முழுக்க எல்லாப் படகுக்காரிகளும் அப்படித்தான் நிற்பார்கள். உடம்பு பூரா சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வோம், அந்த இடத்தில் மட்டும் தடவ மாட்டோம். தடவினால் சறுக்குவது போய் வழுக்கும், ரெண்டாவது வலிப்பிலேயே பலகையை விட்டுப் பறந்துவிடுவோம். ஆக, போட்டி நாளில் காலையிலிருந்து சாயந்தரம் வரை எங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு, தலையில் தொப்பி, மூக்கில் வெள்ளைப் பூச்சு, உடம்பில் முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டு, பின்பக்கத்தை மட்டும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெயிலுக்குத் தாரை வார்த்துவிட்டு நிற்போம். எத்தனை புத்திசாலிகள் பாருங்கள்.

மாத்திரை விஷயமும் படகு விஷயம்தான். இத்தனை சின்ன உடையில் போட்டி நாளும் மாதவிலக்கும் ஒன்றாக வந்தால் எவளுக்கு ஆகும்? அதனால் நாலு பேருமே கருத்தடை மாத்திரை சாப்பிட்டோம். அட்டையின் கடைசி வரிசையில் மருந்தில்லாத வெறும் மாத்திரை இருக்குமே, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கிவிடுவோம், மாதவிலக்கு தள்ளிப்போய்விடும். காலைப் பயிற்சி முடிந்து எங்கள் படகு கிளப் சமையலறையில் டீ போடும்போது, மாத்திரை நேரம் என்று கிரிலியின் போன் கூவும். நாலு அட்டை வெளியே வரும். முதல்முறை பார்த்த கஸ், "என்னது, வைட்டமினா?" என்றார்.

"ஆமா பெருசு, உனக்கும் ஒண்ணு வேணுமா?" என்றாள் ஷோனா.

மனுஷன் கையை நீட்டிவிட்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பிப்புக்கு டீ மூக்கு வழியாக வந்தது.

போன அக்டோபரில் ஒரு காலை, போன் கூவியது, மூன்று அட்டைதான் வந்தது. கிரிலி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் நிறுத்திட்டேன்," என்றாள். "நீங்களும் நிறுத்துங்கடி."

"ஏன், வேட் சாமியாராப் போயிட்டானா?" என்றேன். வேட் அவள் புருஷன். சுரங்கத்தில் வேலை, ரெண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில்.

"விளையாடாத மார்டி. பிரிஸ்பேன்லேர்ந்து என் அத்தை மக ஒரு செய்தி அனுப்பினா. இந்த மாத்திரை சாப்பிடுற பொம்பளைங்களுக்குத் தோல் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகமாம். படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"முழுசாப் படிச்சியா?"

"தலைப்பே போதுமானதா இருந்துச்சு."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஓட்டி எடுத்திருப்போம். கிரிலியை ஓட்ட முடியவில்லை. அவள் அம்மா மெலனோமா என்கிற தோல் புற்றுநோயில் போனவள். தோளில் ஒரு மச்சம், டாக்டர் பார்த்தார், வெட்டினார், அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை. அப்போது கிரிலிக்கு இருபத்திரண்டு வயசு. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சித்தாந்தம்: தேடினால்தான் கிடைக்கும். தேடாமல் இருந்தால் எதுவும் இருக்காது. வெயிலுக்குப் பயந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி பூச்சு அடித்துக்கொள்வாள். தோல் பரிசோதனை என்று சொன்னால் மட்டும் காது கேட்காது.

"என் அம்மாவும் சாப்பிட்டா இந்த மாத்திரையை, பல வருஷம்," என்றாள். "இப்பத்தான் புரியுது. இனிமே எனக்குப் பயமில்ல."

அவள் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவளிடம் என்ன பேச? போய்த் தொலை என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை போனதும் வேட்டும் போனான், அதாவது சோஃபாவுக்கு. வேறு எந்த ஏற்பாட்டையும் கிரிலி நம்பவில்லை. நாற்பத்தொரு வயசில் தொட்டில் ஆட்ட அவளுக்கு இஷ்டமில்லை, மனுஷனை நாலு அடி தள்ளியே வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கிளப் குலுக்கலில் அவனுக்கு இறைச்சித் தட்டு பரிசாக விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, பீரைக் குடித்தபடி என்னிடம் அழுதான்.

"மார்டி, ஊர்ல எல்லாரும் என்னை அதிர்ஷ்டக்காரன்னு சொல்றாங்க. ஆட்டுத் தொடை ஜெயிச்சிருக்கேன். வீட்டுல நாய் எங்க படுக்குதோ அங்க படுக்குறேன். அதுலயும் நாய்க்குத்தான் தலையணை."

நானும் சிரித்துத் தொலைத்தேன். இதெல்லாம் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஜனவரியில் ஒரு காலை. படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தோம். கிரிலி எனக்கு முன்னால் குனிந்து தள்ளினாள். இடது பின்பக்கம், தொடை தொடங்குகிற மடிப்புக்கு ஒரு விரல் மேலே, அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. மிளகு அளவு, உருண்டை. பல வருஷமாக எனக்குப் பரிச்சயம். அன்றைக்கு அது மிளகாக இல்லை. ஒரு பக்கம் கசிந்து ஓடியிருந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் வேறு ஒரு பழுப்பு.

குளியலறையில் அவளைப் பிடித்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"கிரிலி, உன் பின்னாடி இருக்குற மச்சம் மாறியிருக்கு. டாக்டர்கிட்ட காட்டு."

"எந்த மச்சம்?"

"உக்காருற இடத்துல. இரு, போன்ல படம் எடுத்துக் காட்டுறேன்."

"எடுத்தா போனை உடைப்பேன்." துண்டைச் சுற்றிக்கொண்டாள். "அது சின்ன வயசுலேர்ந்து இருக்குடி. பலகையில தேய்ஞ்சு அப்படி ஆயிருக்கும். மாத்திரையத்தான் விட்டுட்டேனே, இனி எப்படி வரும்?"

"மாத்திரைய விட்டா மச்சத்துக்குத் தகவல் போயிருமா?"

"நீ வாயை மூடிக்கிட்டு துடுப்பை வலி. ஸ்டேட் போட்டி மார்ச் கடைசியில. அதுக்கு நடுவுல எவளாவது என் பின்பக்கத்துல கத்தி வெச்சா நான் எங்க உக்காருறது? தலையிலயா?"

அது நிஜம். அங்கே தையல் போட்டால் ஒரு மாசம் உட்கார முடியாது, அந்தப் பலகையில் சறுக்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த வருஷம்தான் முதல்முறையாக எங்களுக்கு ஸ்டேட்டில், அதாவது மாநிலப் போட்டியில், பதக்கம் வரும் என்று கஸ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பதக்கத்தின் மேல் ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. இருந்து என்ன, என் கண்ணுக்கு முன்னால் அந்தக் கறை இருக்கிறதே.

வேட்டுக்கு போன் போட்டேன். "உன் பொண்டாட்டி மச்சத்தைப் பாத்தியாடா?"

"எங்க பார்க்குறது? பார்க்குற தூரத்துல என்னை எங்க விட்டா?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மருந்துச் சீட்டு வாங்க அவள் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அங்கே ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வந்தது வந்தாய், திரும்பு என்று முதுகையும் பார்ப்பார்கள். வீட்டில் வேட் பார்ப்பான். இப்போது சீட்டும் இல்லை, டாக்டரும் இல்லை, புருஷனும் இல்லை. எந்த நோய்க்குப் பயந்து மாத்திரையை விட்டாளோ, அந்த நோயைக் கண்டுபிடிக்கக்கூடிய கண்ணையெல்லாம் சேர்த்து விரட்டிவிட்டாள். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். மிச்சம் இருந்த கண் என்னுடையது ஒன்றுதான். என் பேச்சை அவள் காதில் வாங்கவில்லை.

டாக்டர் என்றால் எங்கள் ஊர் டாரபிலுக்கும் பக்கத்து ஊர் ஐன்ஸ்லி முனைக்கும் சேர்த்து ஒரே டாக்டர், பெட்ரா. இங்கேதான் சிக்கல். பெட்ரா ஐன்ஸ்லி முனைப் படகில் தாளம் போடுகிறவள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகவே ஆகாது. ஒரு வருஷம் அவர்கள் எங்கள் சுக்கானை ஒளித்து வைத்தார்கள். அடுத்த வருஷம் நாங்கள் அவர்கள் படகுக்குள் செத்த மீனை வைத்தோம். அந்த சீசனில் நாங்கள் அவர்களை மோதிய இடத்திலெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில் வட்டாரப் போட்டி. கடற்கரை முழுக்கக் கூடாரம், வெங்காயம் வதங்குகிற வாசனை, ரொட்டியில் சுருட்டிய சாஸேஜோடு அலைகிற ஜனங்கள். கிரிலி முழங்கால் அளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நேராக எதிரிக் கூடாரத்துக்குப் போனேன். அவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், நான் மீன் கொண்டு வந்திருக்கிறேனா என்று.

"டாக்டரம்மா," என்றேன், "ஒரு நிமிஷம் வா. என் சிநேகிதியோட பின்பக்கத்தைப் பார்க்கணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் பெட்ரா. அவளும் எங்களைப் போலவே துணியைச் செருகிக்கொண்டு, மூக்கில் பச்சைப் பூச்சோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க இருக்கா?"

கிரிலிக்குத் தெரியாமலே அவளுக்குப் பின்னால் போய்த் தண்ணீரில் மண்டியிட்டுப் பார்த்தாள். முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

கிரிலி திரும்பிப் பார்த்து அலறினாள். "அடிப் பாவி! என்னடி பண்ற அங்க?"

"கிரிலி, நாளைக்குக் காலைல என் கிளினிக்குக்கு வா," என்றாள் பெட்ரா. "இதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். வெறுங்கண்ணால எதுவும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா இது எனக்குப் பிடிக்கல."

"எடுத்தா எவ்வளவு நாள் உக்காரக் கூடாது?"

"சில வாரம்."

"அப்ப ஸ்டேட் போச்சு."

"ஸ்டேட் முடியுற வரைக்கும் இதை விட்டு வைக்கக் கூடாது."

கிரிலி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஓஹோ! இப்பப் புரியுதுடி உங்க சூட்சுமம். தண்ணியில ஜெயிக்க முடியல, என்னைக் கரையில உக்கார வைக்கப் பார்க்குறீங்க. அதுவும் உக்கார முடியாதபடி!"

உங்கள் ஊரில் டாக்டர் சொன்னால் கேட்பார்களோ என்னவோ. எங்கள் கடற்கரையில் எதிரிப் படகுக்காரி மழை வரும் என்று சொன்னால் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருவோம். அவளிடம் போய் நின்றது என் தப்புதான், ஆனால் வேறு டாக்டருக்கு நான் எங்கே போவேன்? பெட்ராவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் குரல்தான் தாழ்ந்தது.

"உங்க அம்மாவை எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் பார்த்தார். அந்தக் கோப்பு எங்கிட்டதான் இருக்கு. அது வேற கதை, கிரிலி. அவங்க வந்தப்ப ரொம்பத் தாமதம். வெட்டினதால போகல."

கிரிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் சட்டென்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சரி, பந்தயம்!" என்றாள். "இன்னிக்கு இறுதிச் சுத்துல நீங்க ஜெயிச்சா நாளைக்கு நான் உன் மேஜையில குப்புறப் படுக்குறேன். நாங்க ஜெயிச்சா, ஸ்டேட் முடியுற வரைக்கும் எவளும் என் குண்டியைப் பத்திப் பேசக் கூடாது. முக்கியமா மார்டி."

"நான் டாக்டர், இதுல பந்தயம் கட்ட மாட்டேன்," என்றாள் பெட்ரா. "நாளைக்கு எட்டு மணி உனக்குன்னு வெச்சிருப்பேன். ஜெயிச்சாலும் தோத்தாலும்."

"நான் கட்டுறேன்," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது. கையைக் குலுக்கிக்கொண்டோம். குலுக்கின பிறகுதான் யோசித்தேன்: அந்த சீசன் முழுக்க அவர்கள் எங்களை ஒருமுறைகூட ஜெயித்ததில்லையே!

அங்கேயே முடிவு பண்ணினேன். தோற்க வேண்டும். எனக்குத் தோற்பது என்றால் வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி, அதிலும் ஐன்ஸ்லி முனையிடம். பரவாயில்லை, குடித்துத் தொலைக்கலாம். திரும்பி வரும்போது துடுப்பைத் தண்ணீருக்குள் கோணலாக இறக்கினால் போதும். தண்ணீர் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், பிடி வயிற்றில் குத்தும், படகு நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்குத் தவறு மாதிரித்தான் தெரியும். ஊர் என்னைத் திட்டட்டும்.

துப்பாக்கி வெடித்தது. ஓடி ஏறினோம். முதல் அலை படகின் மூக்கைத் தூக்கி என்னை வானத்தில் நிறுத்திக் கீழே போட்டது. கஸ் கத்த ஆரம்பித்தார். அவருக்கு இடது காது பாதிதான் உண்டு, மீதியைத் தோல் புற்று என்று டாக்டர்கள் ரெண்டு தவணையாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். "இழு! இழு! டீ குடிக்கவா வந்தீங்க?"

கடலுக்குள் எல்லை காட்டுகிற மிதவையைச் சுற்றித் திரும்பும்போது நாங்கள் ஒரு படகு நீளம் முன்னால். மற்ற படகுகள் எங்கோ கிடந்தன. பெட்ராவின் படகு மட்டும் எங்களை விடாமல் வந்தது. கரைக்குத் திரும்பும்போது வேலையே அலையைப் பிடிப்பதுதான். பின்னால் அலை எழும்போது நாலு வலிப்பு உயிரைக் கொடுத்து வலித்தால், அது படகைத் தூக்கி மணலில் கொண்டுபோய் வைக்கும். பிடிக்காவிட்டால் நமக்கு அடியில் நழுவிப் போய்விடும்.

அலை எழுந்தது. பெரிய அலை, அழகான அலை. "இதான்! இப்ப!" என்று கஸ் அலறினார். நான் துடுப்பைக் கோணலாகத் திருப்பினேன்.

திருப்பினவள் அப்படியே நிறுத்திவிட்டேன். கிரிலியின் முதுகு எனக்கு முன்னால் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அவள் உயிரைக் கொடுத்து வலிக்கும்போது வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு சதை கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். பதினோரு வருஷமாக அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் நான் வலிக்கிறேன். அது முறுக்கவில்லை. துடுப்பு தண்ணீருக்குள் போனது, வந்தது, உடம்பு குனிந்தது, நிமிர்ந்தது. எல்லாம் பார்வைக்குச் சரி. ஆனால் முதுகில் ஒரு பலமும் இல்லை. அவள் வலிக்கவில்லை. வலிக்கிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் துடுப்பை நேராக்கிக்கொண்டேன். அவள் பாட்டுக்கு அவள் தோற்கட்டும் என்று என் பங்கை ஒழுங்காக வலித்தேன். கண்ணீர் வந்தது, உப்புத் தண்ணீர் என்று துடைத்துக்கொண்டேன். அடி திமிர் பிடித்தவளே! பயமாக இருக்கிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, அதற்கு ஒரு பந்தயம், அதற்கு ஒரு தோல்வி!

அலை எங்களுக்கு அடியில் நழுவிப் போய்ப் பெட்ராவின் படகைத் தூக்கிக்கொண்டு போனது. ஐன்ஸ்லி முனைக் கூடாரம் ஆடித் தீர்த்தது.

கரையில் கஸ் தொப்பியை மணலில் எறிந்தார். "எவடி அது? எவ வலிக்கல? அந்த அலையை என் செத்துப்போன நாய் பிடிச்சிருக்கும்!"

"அலை சரியில்ல, பெருசு," என்றாள் கிரிலி.

ஷோனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "ஆமா. அலை சரியில்ல."

எல்லாரும் படகைத் தூக்கப் போன பிறகு கஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து தொப்பியைத் தட்டினார். "நீ முதுகைப் பாத்த," என்றார் மெதுவாக. "நான் அவ மூஞ்சியைப் பாத்தேன். மிதவையிலேர்ந்து கரை வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா." அப்புறம் கிரிலிக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு வசவு வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நான்தான் அவளைக் காரில் கூட்டிப் போனேன். மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு என் விரலை நசுக்கினாள். பேச்சுக் கொடுத்தால் நல்லது என்று நான் மாத்திரையைப் பற்றிப் பெட்ராவிடம் கேட்டேன்.

"சில ஆராய்ச்சியில கொஞ்சம் கூடுதலாத் தெரிஞ்சுது," என்றாள் பெட்ரா, ஊசியை ஏற்றியபடி. "சிலதுல ஒண்ணுமே தெரியல. இதுல ஒரு குழப்பம் என்னன்னா, மாத்திரை சாப்பிடுறவங்கள்ல நிறையப் பேர் வெயில்லயும் அதிகம் கிடப்பாங்க. சீட்டு வாங்க வர்றதால டாக்டர் கண்ணுலயும் அதிகம் படுவாங்க. பாத்தாத்தானே கண்டுபிடிக்க முடியும். அதனால அது இன்னும் முடிவாகாத கணக்கு. மாத்திரை வேணுமா வேணாமான்னு நாம உக்காந்து பேசலாம். ஆனா வெயில் விஷயத்துல ஒரு குழப்பமும் இல்ல. நீங்க எல்லாம் அதுக்கு எதைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"நீயும்தானேடி காட்டிக்கிட்டு நிக்கிற," என்றாள் கிரிலி மேஜைக்குள் முகத்தைப் புதைத்தபடி.

"ஆமா," என்றாள் பெட்ரா. "நேத்து ராத்திரி என் புருஷனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்."

மெலனோமாதான். ஆனால் மேல்தோலைத் தாண்டி இறங்கவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள், விளிம்பு சுத்தம், ஒன்றும் மிச்சமில்லை என்று சேதி வந்தது. பெட்ரா போனில் அதைச் சொன்னபோது கிரிலி "சரி, நன்றி" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, நாய்த் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு ஊளையிட்டாள். நானும்தான். நாய் ஓடிப்போய்விட்டது.

ஸ்டேட் போட்டி நாளில் எனக்கு முன்னால் வேறு கிளப்பிலிருந்து கடன் வாங்கின ஒரு பெண் உட்கார்ந்தாள். நல்ல பெண், பலசாலி, ஆனால் அந்த முதுகில் எனக்கு எதையும் படிக்கத் தெரியவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். நேரே கிரிலி வீட்டுக்குப் போனோம். அவள் சோஃபாவில் குப்புறக் கிடந்தாள். பக்கத்து நாற்காலியில் வேட், காலை அகட்டி, நடுவில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். சுரங்கத்திலிருந்து வந்த கையோடு போய்த் தனக்குச் சின்னக் கருத்தடை அறுவை செய்துகொண்டு வந்திருக்கிறான், இனி மாத்திரைப் பேச்சே வேண்டாம் என்று.

"ரெண்டு பேராலயும் ஒழுங்கா உக்கார முடியல," என்றாள் கிரிலி. "ஆனா ஒரே படுக்கையில படுக்க முடியுது."

"நாய்தான் தரையில," என்றான் வேட். அவன் முகத்தில் ஆட்டுத் தொடை ஜெயித்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை.

குளிர் தொடங்கும்போது அவள் படகுக்குத் திரும்பினாள். காலை வெயில் லேசாக இருந்தது. படகைத் தள்ளுவதற்கு முன்னால் புதுப் பழக்கம் ஒன்று வந்திருந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்க்க வேண்டும். பிப் ஷோனாவைப் பார்த்தாள். கிரிலி பிப்பைப் பார்த்தாள். நான் கிரிலியைப் பார்த்தேன். மச்சம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, ஓரத்தில் சின்னப் பள்ளம். சுத்தமாக இருந்தது.

"சரி, கிளம்பலாம்," என்று படகின் விளிம்பைப் பிடித்தேன்.

கிரிலி அசையவில்லை. "உன்னை யாருடி பார்க்குறது?"

"என்னையா? எனக்குப் பின்னாடி கடல்தான் இருக்கு."

"பதினோரு வருஷமா மூக்குல உக்காந்திருக்க. உன் பின்னாடி ஒருத்தியும் இல்ல. திரும்பு."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

திரும்பினேன். கடலைப் பார்த்து நின்றேன். அவள் தொப்பிக்குள்ளிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. குளிர்ந்த விரல் தோளிலிருந்து இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான் அலையை எண்ண ஆரம்பித்தேன்.

"என்னடி, ஏன் பேசாம இருக்க?"

"இரு. பார்த்துக்கிட்டு இருக்கேன்ல."

ஒரு அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. இன்னொன்றும் வந்து போனது.

"ஒண்ணும் இல்ல," என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "குண்டிதான் பெருத்துப் போச்சு."

"அலை சரியில்ல," என்றேன்.

அவள் பின்னாலிருந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் திரும்பவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன், கஸ் வேறு தூரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.